உப்பு பங்களாவில் இரண்டு ராத்திரி

மச்சினன் குடும்பம் மணாலிக்கு ரயிலேறிய மே மாதம்
நாங்கள் வாலிநோக்கம் போனோம்.
தடைக்காலம்.
மண்டபத்தில் விசைப்படகெல்லாம் முதுகு காட்டி நிற்க
ஐஸ் கம்பெனியில் எனக்குப் பாதிச் சம்பளம்.

டாடா ஏஸ் இரவல்.
பின்னால் இரண்டு பாய், ஒரு குடம், போகாத மீன்வாடை,
யாரோ இறக்க மறந்த தெர்மாகோல் பெட்டி மூடிகள்.
கீழக்கரை தாண்டும்வரை டார்வின் வாய் திறக்கவில்லை.
ஏர்வாடி விலக்கில் கேட்டான்:
“அங்க மலை இருக்காப்பா?”

மலை என்று பேர் வாங்கிய மேடு ஒன்று
ராமேசுவரத்தில் உண்டு.
ஏறி இறங்க ஒரு பீடி போதும்.
அதைச் சொல்லாமல்
“பங்களா இருக்கு” என்றேன்.

உப்பு இலாகா துரைக்குக் கட்டியதாம்.
நூற்றுப்பத்து வருஷம் என்றார் காவலர் முனியராஜ்.
மறுநாள் காலை நூற்றுநாற்பது என்றார்.
சுவர் இரண்டு முழம்,
கதவு திறக்க இரண்டு பேர்,
கூடத்தில்
புகைபோக்கியோடு ஒரு கணப்பு அடுப்பு.

எந்தக் குளிர் தேசத்து வரைபடமோ,
எந்த மேஸ்திரியோ,
கேள்வி கேட்காமல் கட்டியிருக்கிறான்.
“இந்த வேக்காட்டுல யாருக்குய்யா கணப்பு?”
பிரிஸ்கா சிரிக்க ஆரம்பித்தவள்
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
அடுப்புக்குள் முனியராஜின் விளக்குமாறு,
ஒரு பழைய டார்ச்,
மேலே புகைபோக்கியில் ஏதோ குருவி குடித்தனம்.

சாயங்காலம் அளத்துப் பக்கம் நடந்தோம்.
பாத்திகள் மங்கி வர,
வரப்போரம் குவித்த உப்பு மட்டும் மங்கவில்லை.
லின்சி கையை உதறிக்கொண்டு ஓடினாள்.
“பனிப்பா! பனி!”
ஒரு விரல் நக்கினாள். முகம் சுருங்கியது.
ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

எனக்குப் பனி என்றால்
அம்மோனியா நெடி,
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்,
கொக்கி போட்டு இழுக்கும் ஐஸ் பார்,
சோறு பிசையும்போது விரலுக்குச் சூடு தெரியாமல் போவது.
அதைப் பார்க்கவா இத்தனை ஆயிரம் செலவழித்துப் போகிறார்கள்
என்று கேட்டிருக்கிறேன், வீட்டில், சத்தமாக.
கேட்டிருக்கக் கூடாது.

மறுநாள் வெயில் ஏறுமுன் தேரிக்குப் போனோம்.
பனை உயரம் இருக்கும், காற்று குவித்த மணல்.
பெட்டி மூடியில் டார்வின் முதலில் போனான்,
பாதியில் குப்புற விழுந்தான்,
வாய் நிறைய மணலோடு இன்னொரு தடவை என்றான்.
லின்சி போனாள். நான் போனேன், கண்ணை மூடிக்கொண்டு.
பிரிஸ்கா மாட்டேன் என்றாள்.
இடுப்பு என்றாள், நைட்டி என்றாள், ஆள் வருது என்றாள்.
பிறகு யாரும் கூப்பிடாத நேரத்தில்
சேலைத் தலைப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு
நைட்டியில்லை, நல்லவேளை, என்று
தனக்குத்தானே சொல்லி
உட்கார்ந்தாள்.

அந்தச் சத்தத்தைப்
பதினான்கு வருஷத்தில் நான் கேட்டதில்லை.
அடிவாரத்தில் மூடி நாலாக உடைந்தது.
வெள்ளை மணிகள் காற்றில் எழுந்து
அவள் முடியெல்லாம், புருவமெல்லாம்.
எழுந்திருக்கவேயில்லை, கொஞ்ச நேரம்.
பிள்ளைகள் பயந்து ஓடினார்கள்.
நான் மெதுவாகத்தான் இறங்கினேன்.
பிறகு நாலுபேரும் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப்
பையில் போட்டோம். ஆடு தின்றுவிடும்.

ராத்திரி டார்வின்
உப்புக் குவியல் படத்தை மணாலிக்கு அனுப்பினான்.
அங்கிருந்து உடனே பதில்:
ஏய், எந்த ஊரு? குளிர் எவ்ளோ?
அவன் போனைக் கீழே வைத்துவிட்டு
என் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தான்.
தடைக்காலத்திலும் விறைப்பு விடாத கை.
கொஞ்ச நேரம் யோசித்தான்.
எடுத்து ஏதோ தட்டினான்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது கரண்ட் போனது.
பிரிஸ்கா மெழுகுவத்தி தேடினாள்.
விளக்குமாற்றை எடுத்து வெளியே போட்டாள்,
குருவிக்குச் சுடாதபடி ஓரமாக
கணப்பின் வாசலில் ஏற்றி வைத்தாள்.
“வாங்க” என்றாள்.
நாலு பேரும் அதன்முன் வரிசையாய்க் குந்தி
கைகளை நீட்டி
வேர்த்து ஊற்ற ஊற்றக்
குளிர் காய்ந்தோம்.